எலி விழுந்த வீடு: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், 1347 முதல் 1353 வரை ஐரோப்பாவையும் எகிப்தையும் மேற்காசியாவையும் சூறையாடிய பிளேக் பற்றி ஒரு பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தோம். ஐரோப்பாவில் மூவரில் ஒருவருக்குக் குறையாமல் இறந்தார்கள் என்று எழுதிவிட்டு, "ஆடு மாடுகளும் செத்தன" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரு வரலாற்றுப் பேராசிரியரும் ஒரு கால்நடை மருத்துவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

பிளேக்கில் ஆடு மாடுகளும் செத்தன என்கிறீர்கள். எங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் விசாரித்தால் மாட்டுக்குப் பிளேக் வராது என்கிறார்கள். மாணவர்களுக்கு எதைச் சொல்வது?
– பள்ளி ஆசிரியை, கும்பகோணம்

மருந்தகத்தில் சொன்னதைச் சொல்லுங்கள், அம்மா. எங்கள் வரி அவசரத்தில் எழுதிய வரி.

யெர்சினியா பெஸ்டிஸ் என்ற பிளேக் கிருமி எல்லா உயிரையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. எலி, அணில், முயல் போன்றவை கொத்துக் கொத்தாகச் சாகும். பூனைக்கு அது கொடிய நோய். தாடைக்கடியில் கட்டி வந்து, காய்ச்சலில் சுருண்டு, சில நாளில் இறந்துவிடும். நுரையீரலுக்கு நோய் ஏறிய பூனை தும்மினால் வளர்ப்பவருக்கும் தொற்றும். அமெரிக்காவில் 1977-க்கும் 1998-க்கும் இடையில் 23 பேருக்குப் பூனை வழியாக வந்ததென்று பதிவாகியிருக்கிறது. நாய்க்குப் பெரும்பாலும் லேசான காய்ச்சலோடு போய்விடும். ஒட்டகத்துக்கு வரும், 1994-இல் சவூதி அரேபியாவில் ஒட்டக ஈரலைப் பச்சையாகத் தின்றவர்களுக்குப் பிளேக் வந்தது. வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் எப்போதாவது வரும். மாடு, குதிரை, கோழி ஆகியவை இந்தக் கிருமியைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும்.

அப்படியானால் பழைய ஏடுகளில் எழுதியது பொய்யா என்றால், அதுவும் இல்லை. இங்கிலாந்தில் லெஸ்டர் நகர மடத்துத் துறவி ஹென்றி நைட்டன், ஒரே மேய்ச்சல் நிலத்தில் 5,000-க்கு மேல் செம்மறிகள் செத்துக் கிடந்ததாகவும், அழுகிய நாற்றத்தில் விலங்கும் பறவையும் அவற்றைத் தொடவில்லை என்றும் எழுதியிருக்கிறார். செத்தது உண்மை. எதனால் செத்தன என்பதுதான் கேள்வி. ஒரே நேரத்தில் நடந்த இரண்டு சாவை ஒரே நோய் என்று அந்தக் காலத்தவர் எடுத்துக்கொண்டார்கள். செம்மறி மந்தையை மொத்தமாகச் சாய்க்க ஆட்டம்மை போதும்; மழை மிகுந்த ஆண்டில் கல்லீரல் தட்டைப்புழுவும் போதும். ஈரநிலத்து நத்தை வழியாக வரும் இந்தப் புழுவை டெல்டாவில் ஆடு வளர்ப்பவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வாய்க்கால் ஓரத்துப் புல்லையே மேய்ந்த ஆடு இளைத்து, கண் வெளுத்து, தாடைக்கடியில் நீர் கோத்து நிற்பது அதனால்தான். மழைக்கு முன்னும் பின்னும் தட்டைப்புழுவுக்கென்றே உள்ள குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும். உருண்டைப் புழுவுக்கான சாதாரண மருந்தைக் கொடுத்துவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்று சொல்பவர்கள் பலர்.

மாணவர்களுக்கு இன்னொன்றையும் சொல்லலாம். மாடுகளின் பேரழிவு பிளேக்குக்கு ஒரு தலைமுறைக்கு முன்பே நடந்துவிட்டது. 1315 முதல் 1317 வரை ஓயாத மழையால் பெரும் பஞ்சம். அதன் பின்னாலேயே கிழக்கிலிருந்து ஒரு மாட்டு நோய் பரவி, 1319-இல் இங்கிலாந்தை எட்டியது. அங்கிருந்த மாடுகளில் ஏறத்தாழ 60 சதவீதம் ஓரிரு ஆண்டில் மடிந்தன. அது பெரும்பாலும் நம்மூரில் 'வெக்கை நோய்' என்று சொன்ன நோயாகத்தான் இருக்க வேண்டும்: காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, வாய்ப்புண், தாங்காத கழிச்சல், ஒரு வாரம் பத்து நாளில் சாவு. உழவு மாடு போனதால் ஏர் நின்றது. கறவை போனதால் குழந்தைகளுக்குப் பால் இல்லை. அந்தப் பாலில்லாக் குழந்தைகள்தான் 1348-இல் முப்பதை நெருங்கியவர்கள். சிறுவயதில் நலிந்த உடம்புகள் பிளேக்குக்கு எளிதில் இரையாயின என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எங்களுக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. வெக்கை நோய் இன்று உலகத்திலேயே இல்லை. இந்தியாவில் கடைசியாக 1995-இல் கண்டார்கள்; 2011-இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். ஊர் ஊராகத் தடுப்பூசி போட்டதன் பலன் அது.

இத்தாலியில் இரண்டு பன்றிகள் பிளேக் நோயாளியின் கந்தலைக் கவ்வியதும் சுழன்று விழுந்து செத்ததாகப் படித்தேன். நடக்கக்கூடியதா?
– கல்லூரி மாணவர், மன்னார்குடி

இத்தாலிய எழுத்தாளர் பொக்காச்சியோ எழுதியது அது; 1348-இல் ஃபிளாரன்ஸில் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறார். பன்றி பிளேக் கிருமியைத் தாங்கும் விலங்கு. தாங்காத எலிக்குக்கூடக் கிருமி நுழைந்து சாக நாட்கள் ஆகும். கவ்விய சற்று நேரத்தில் விழுந்தது என்றால் அங்கே வேறு காரணம் இருந்திருக்க வேண்டும், தெருவில் கிடந்த நஞ்சு போல. ஆனாலும் அந்தக் காட்சிக்குள் ஒரு செய்தி இருக்கிறது: இறந்தவரின் துணியைத் தெருவில் வீசினார்கள், அதை எடுக்க ஆள் இல்லை. கந்தலில் தெள்ளுப்பூச்சி இருந்தால் அடுத்து அதைத் தொடும் மனிதருக்கு அது ஆபத்துதான்.

கால்நடை விலை என்ன ஆனது? ஆள் செத்து மாடு மிஞ்சினால் விலை ஏற வேண்டுமே?
– மாட்டு வியாபாரி, மயிலாடுதுறை

விழுந்தது, ஐயா. பாதாளத்துக்கு விழுந்தது. நைட்டன் கொடுக்கும் கணக்கைப் பாருங்கள். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். முன்பு 40 ஷில்லிங் பெற்ற குதிரை 6 ஷில்லிங் 8 பென்ஸுக்குக் கிடைத்தது. கொழுத்த எருது 4 ஷில்லிங். பசு 12 பென்ஸ். செம்மறி 3 பென்ஸ், குட்டி 2 பென்ஸ்.

மாட்டை வாங்குவது என்றால் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளையும் சேர்த்து வாங்குவதுதான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஓட்டிப்போக ஆள் இல்லை, கறக்க ஆள் இல்லை, புல் அறுக்க ஆள் இல்லை. காசு வைத்திருந்தவனுக்கும் நாளை உயிரோடிருப்போமா என்ற பயம். ஆடும் மாடும் விளைந்த வயலுக்குள் இறங்கித் திரிந்தன, விரட்ட ஆளில்லாமல் பள்ளங்களிலும் வேலியோரங்களிலும் செத்துக் கிடந்தன என்றும் அவர் எழுதுகிறார். எங்கள் பார்வையில் அந்த ஆண்டுக் கால்நடைச் சாவில் ஒரு பெரும்பங்கு இப்படிப்பட்டதுதான். மடி கனத்த பசுவை இரண்டு நாள் கறக்காமல் விட்டால் மடிநோய் வரும்; பச்சைப் பயிரைக் கட்டுப்பாடில்லாமல் தின்ற மாட்டுக்கு வயிறு உப்பும்; கன்று ஈனும்போது கால் மடங்கி நின்றால் கைகொடுக்க ஆள் வேண்டும். இவற்றுக்கெல்லாம் கிருமியே தேவையில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. குடியானவன் இறந்தால் அவன் வீட்டிலிருக்கும் நல்ல மாடு ஒன்றை நிலப்பிரபு எடுத்துக்கொள்வது அங்கே சட்டம். ஒரே ஆண்டில் பாதி ஊர் இறந்தால் பாதி ஊர் மாடும் பண்ணைக்கு வந்து சேரும். பண்ணையில் வைத்துக்கொள்ள இடமும் இல்லை, மேய்க்க ஆளும் இல்லை. விற்கப் போனால் வாங்க ஆளில்லை. அப்பன் செத்த வீட்டில் மிஞ்சிய பிள்ளைக்கு ஏர் மாடும் போயிற்று என்பதை நினைத்தால் அந்தச் சட்டத்தின் கொடுமை புரியும்.

பிளேக்குக்குப் பிறகு ஆள் பற்றாக்குறையால் கூலி உயர்ந்து, ஏழைகள் நிமிர்ந்தார்கள் என்று சொல்கிறார்கள். நம் டெல்டா போன்ற பாசன பூமியில் அப்படி நடந்திருக்குமா?
– விவசாயி, பாபநாசம் வட்டம்

இத்தனை கடிதங்களிலும் எங்களை அதிகம் யோசிக்கவைத்த கேள்வி இது. பதில் நைல் நதியில் இருக்கிறது.

முதலில் இங்கிலாந்து. அது மழையை நம்பிய வேளாண்மை. ஆள் குறைந்ததும் இருப்பவர்கள் அதிகக் கூலி கேட்டார்கள். அரசு 1349-இல் ஓர் ஆணையும் 1351-இல் ஒரு சட்டமும் போட்டுத் தடுக்கப் பார்த்தது: வைக்கோற்புல் உலர்த்தும் ஆளுக்கு நாளொன்றுக்கு 1 பென்னி, கதிர் அறுப்பவருக்கு ஆகஸ்ட் முதல் வாரத்தில் 2 பென்ஸ், அடுத்த வாரத்திலிருந்து 3 பென்ஸ், மேலே கேட்டால் தண்டனை. ஆனாலும் தடுக்க முடியவில்லை. தானிய நிலத்தைப் பல பண்ணைகள் ஆட்டு மேய்ச்சலாக மாற்றின. நூறு ஏர் பிடிக்கும் இடத்துக்கு நாலு மேய்ப்பர் போதும். காலப்போக்கில் கூலி உயர்ந்தது, சாதாரண மக்களின் தட்டில் இறைச்சியும் பாலாடைக்கட்டியும் கூடின. நீங்கள் கேள்விப்பட்டது இந்தக் கதை.

எகிப்தில் இது தலைகீழ். 1347 இலையுதிர் காலத்தில் அலெக்சாண்டிரியா துறைமுகத்தில் இறங்கிய நோய் நைல் நதியோடு மேலே ஏறியது. நைல் பாசனம் மழைப் பாசனம் அல்ல. கோடையில் ஏறும் வெள்ளத்தைக் கரை கட்டி, பெரிய பெரிய பாத்திகளில் நாற்பது நாளுக்கு மேல் நிறுத்தி, மண் ஊறி வண்டல் படிந்த பிறகு வடித்துவிட்டு விதைப்பார்கள். இதற்கு இரண்டு வகைக் கரைகள் உண்டு. பல ஊர்களுக்குப் பொதுவான பெருங்கரைகள் சுல்தானின் பொறுப்பு. ஊர்க் கரைகள் அந்தந்த ஊர்க்காரர் பொறுப்பு. வெள்ளம் வடிந்த மாதங்களில் கரை கட்டி, வாய்க்காலில் வண்டல் அள்ளி முடித்தாக வேண்டும். நம்மூரில் ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன் தூர்வாரி முடிக்க வேண்டும் என்று பறப்பதைப் போல.

ஆள் செத்துப்போன ஊரில் வாய்க்கால் அள்ளப்படவில்லை. மேல்மடையில் ஒரு கரை உடைந்தால் அடுத்த ஐந்து ஊருக்குத் தண்ணீர் நிற்காது. நின்ற இடத்தில் வடியாமல் உவர் பூத்தது. உயிரோடிருந்த உழவனுக்கு நிலம் நிறைய இருந்தது; தண்ணீர்தான் வரவில்லை. மேல் எகிப்தின் அஸ்யூத் பகுதியில் வழக்கமாக நிலவரி கட்டிய 6,000 பேரில் அந்த ஆண்டு 116 பேர்தான் கட்டினார்கள் என்று வரலாற்றாசிரியர் அல்மக்ரீசி குறித்திருக்கிறார். வரி குறைந்ததும் அதிகாரிகள் மிஞ்சியவர்களைப் பிழிந்தார்கள். பிழியப்பட்டவர்கள் நகரத்துக்கு ஓடினார்கள். கரை இன்னும் கெட்டது. அதற்குப் பிறகும் நோய் விட்டு விட்டுத் திரும்பி வந்ததால் இந்தச் சுழலிலிருந்து பாசனம் மீளவே இல்லை. இங்கிலாந்தில் ஆளின் மதிப்பு ஏறிய அதே நூற்றாண்டில் நைல் கரையில் விளைச்சலும் கூலியின் மதிப்பும் சேர்ந்தே சரிந்தன.

இதை வெண்ணாற்றுக்கும் வெட்டாற்றுக்கும் பொருத்திப் பார்க்க உங்களுக்கு எங்கள் உதவி தேவையில்லை. மானாவாரி நிலத்தில் ஒரு குடும்பம் செத்தால் ஒரு வயல் தரிசாகும். வாய்க்கால் நிலத்தில் மதகு திறப்பவரும் தூர்வாருபவரும் செத்தால் கடைமடை முழுவதும் தரிசாகும். நம் டெல்டாவில் குடிமராமத்து என்று ஊர் கூடிச் செய்த வேலையின் அருமை அதுதான். ஆகவே உங்கள் கேள்விக்கு எங்கள் நேரான பதில்: இல்லை, இங்கே ஏழை நிமிர்ந்திருக்க மாட்டான். முதலில் காய்ந்திருப்பது கடைமடைக்காரன் வயலாக இருக்கும்.

நாகப்பட்டினம் அந்தக் காலத்தில் பெரிய துறைமுகம். சீனக் கப்பலும் அரபுக் கப்பலும் வந்தன. பிறகு ஏன் அந்தப் பிளேக் இங்கே தாக்கவில்லை?
– ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர், நாகப்பட்டினம்

தமிழகத்தில் 1340-களில் ஒரு கொள்ளைநோய் இருந்ததற்கு நேரடிச் சாட்சி உண்டு. மதுரைக்கு வந்த பயணி இப்னு பதூதா, அங்கே நோய் கண்டவர்கள் இரண்டாம் மூன்றாம் நாளே இறந்ததாகவும், வெளியே போனால் நோயாளியையும் சாகிறவரையும் தவிர வேறு யாரையும் காணவில்லை என்றும் எழுதியிருக்கிறார். நலமாக இருக்கிறாள் என்று உறுதி சொல்லி அவருக்கு விற்கப்பட்ட அடிமைப் பெண் மறுநாளே இறந்தாள். இதைப் பிளேக் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. நாங்கள் தயங்குகிறோம். பிளேக்கின் முத்திரையான நெறிக்கட்டியைப் பற்றி அந்தக் குறிப்பில் பேச்சு இல்லை. படை கூடிய ஊரில் இவ்வளவு வேகமாகக் கொல்வது காலராவுக்கும் பொருந்தும். அதே மனிதர் 1348-இல் டமாஸ்கஸில் உண்மையான பிளேக்கைப் பார்த்தார். அங்கே ஒரே நாளில் 2,400 பேர் வரை இறந்ததாக எழுதுகிறார்.

பிற்காலத்தைப் பார்த்தால் உங்கள் கேள்விக்கு இன்னும் நல்ல விடை கிடைக்கும். 1896-இல் பம்பாயில் தொடங்கிய பிளேக் இந்தியாவில் ஒரு கோடிப் பேருக்கு மேல் கொன்றது. 1898-இல் பெங்களூரைத் தாக்கியது. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயிலே எழுந்தது. டெல்டாவை அது அந்த அளவுக்குத் தொடவில்லை. காரணம் எலி உடம்பில் வாழும் தெள்ளுப்பூச்சி. கிருமி அதன் இரைப்பை வாசலில் கட்டியாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும். குடித்த ரத்தம் உள்ளே இறங்காது. பசி தாளாமல் பூச்சி மறுபடி மறுபடி கடிக்கும், ஒவ்வொரு கடியிலும் கிருமியை எதுக்களிக்கும். வெப்பம் 30 டிகிரியை நெருங்கினால் அந்த அடைப்பு நிலைப்பதில்லை. நம் கடற்கரை வெயிலில் பூச்சியின் தொண்டை சீக்கிரம் திறந்துவிடும். மேலும் தெள்ளுப்பூச்சியில் வகைகள் உண்டு. பம்பாய்ப் பக்கம் மிகுந்தது பிளேக்கை நன்றாகப் பரப்பும் கியோபிஸ் வகை. சென்னையிலும் கொழும்பிலும் மிகுந்தது அவ்வளவு திறமையில்லாத ஆஸ்டியா வகை என்று ஹிர்ஸ்ட் என்ற மருத்துவர் கண்டறிந்தார். இன்னொன்று எங்கள் கணிப்பு: நோயுற்ற எலி தானிய மூட்டையோடுதான் பயணம் செய்யும். டெல்டா நெல்லை வெளியே அனுப்பும் பூமி. வெளியூர் மூட்டை இங்கே வந்து இறங்குவது குறைவு.

வீட்டில் எலிகள் தானாகச் செத்து விழுந்தால் பிளேக் என்று பாட்டி சொல்வார். இப்போது அப்படி நடந்தால் என்ன செய்வது?
– இல்லத்தரசி, திருவாரூர்

பாட்டி சொன்னது அனுபவத்தில் விளைந்தது. தக்காணத்தில் எலி விழத் தொடங்கியதும் வீட்டைப் பூட்டிவிட்டு வயல்வெளியில் குடிசை போட்டுக்கொண்டு போனவர்கள் பிழைத்தார்கள். எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் தெள்ளுப்பூச்சி அதைவிட்டு இறங்கி அடுத்த சூட்டைத் தேடும். வேறு எலி கிடைக்காவிட்டால் மனிதர்.

1905-இல் தொடங்கிய ஆய்வுக் குழு பம்பாயில் இதை நிரூபித்தது. பிளேக் எலி இருந்த அறைகளில் சீமைப்பெருச்சாளிகளைக் கூண்டில் வைத்தார்கள். தரையில் இருந்ததற்கும் தரைக்கு 2 அங்குலம் மேலே இருந்ததற்கும் நோய் வந்தது. 2 அடி உயரத்தில் தொங்கவிட்டது தப்பியது. இந்தப் பூச்சி நாலு அங்குலத்துக்கு மேல் தாவுவதில்லை என்று கண்டார்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். ஒரு எலி செத்துக் கிடந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டில் மருந்து வைத்திருப்பார்கள். யாரும் மருந்து வைக்காமல், சில நாளுக்குள் பல எலிகள், தள்ளாடி வெளிச்சத்துக்கு வந்து விழுகின்றன என்றால்தான் கவனிக்க வேண்டும். கையால் தொடாதீர்கள், வாலைப் பிடித்தும் தூக்காதீர்கள், துடைப்பத்தால் தள்ளாதீர்கள். குழந்தைகளையும் பூனையையும் அந்த அறையை விட்டு விலக்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள். சோதனைக்கு எலி தேவைப்படலாம், ஆகவே அவசரப்பட்டு எரித்துவிட வேண்டாம். எடுத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் பூச்சி மருந்துத் தூளை எலி மேலும் சுற்றியும் தூவி, பூச்சி சாக நேரம் விட்டு, கையுறையோடு நீண்ட இடுக்கியால் எடுத்து, இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்ட வேண்டும்.

மிகப் பலர் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. எலி விழுகிறதென்றதும் மீதி எலிகளைக் கொல்ல மருந்து வைப்பார்கள். அது நெருப்பில் எண்ணெய். ஆயிரம் பூச்சிகளை ஒரே இரவில் வீடிழக்கச் செய்தால் அவை உங்கள் பாய்க்குத்தான் வரும். முதலில் பூச்சி, பிறகு எலி: வளை வாயிலும் சுவரோரத்திலும் மூட்டை அடுக்கிலும் தூள் போட்டு, பூச்சி ஒழிந்த பிறகே பொறியோ மருந்தோ.

மனிதருக்குக் கடித்த 2 முதல் 6 நாளில் கடும் காய்ச்சல், குளிர், தலைவலி. தொடையிடுக்கிலோ அக்குளிலோ கழுத்திலோ தொட முடியாத வலியோடு நெறி கட்டும். காலில் புண் இருந்தால் நெறி கட்டுவது சாதாரணம். புண்ணே இல்லாமல் காய்ச்சலோடு கட்டினால் அன்றே மருத்துவமனை. சிகிச்சை இல்லாவிட்டால் நெறிக்கட்டிப் பிளேக்கில் நூற்றுக்கு 30 முதல் 60 பேர் இறப்பார்கள்; நுரையீரல் பிளேக்கில் ஏறத்தாழ எல்லோரும். ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், டாக்சிசைக்ளின் என்று கேட்கும் மருந்துகள் இன்று உண்டு. நுரையீரல் வகைக்கு முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். 1994-இல் சூரத்தில் நோயைவிட வேகமாகப் பரவியது ஓட்டம். மருந்து இருந்த ஊரை விட்டு லட்சக்கணக்கானோர் ஓடினார்கள்.

எலிக்காய்ச்சல் என்பதும் இதுவும் ஒன்றா?
– விவசாயத் தொழிலாளி, திருத்துறைப்பூண்டி

இல்லை. உங்களுக்கு இன்று உண்மையான ஆபத்து எலிக்காய்ச்சல்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். பிளேக்கில் பூச்சி கடிக்க வேண்டும். எலிக்காய்ச்சலில் கடி தேவையில்லை; எலியின் சிறுநீர் வயல் தண்ணீரில் கலக்கிறது, அதிலுள்ள லெப்டோஸ்பைரா கிருமி உங்கள் சேற்றுப்புண், பித்தவெடிப்பு வழியாக உள்ளே போகிறது. நாற்று நடவிலும் களையெடுப்பிலும் நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்பவர்களுக்கு வருவது அதனால்தான்.

வேலைக்குப் போன ஒரு வாரம் இரண்டு வாரத்தில் திடீர்க் காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்காலை அழுத்தினால் உயிர்போகும் வலி. இந்த மூன்றும் சேர்ந்தால் வெறும் காய்ச்சல் மாத்திரையோடு நாள் கடத்த வேண்டாம். கண் மஞ்சளாகி, சிறுநீர் குறைந்த பிறகு போனால் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவது கடினம். மருத்துவரிடம் "வயலில் தண்ணீரில் வேலை செய்கிறேன்" என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்; அந்த ஒரு வாக்கியம் சோதனையின் திசையை மாற்றும். புண் இருக்கும் நாட்களில் ரப்பர் பூட்ஸ் போடுங்கள். முடியாவிட்டால் புண்ணை நீர் புகாத கட்டால் மூடி, கரையேறியதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மாட்டுக்கும் இது வரும். சினை மாடு காரணமில்லாமல் கன்று வீசினால், பால் திடீரென வற்றினால், விழுந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுக்காதீர்கள்.

பண்ணையில் ஆடு ஒன்று திடீரெனச் செத்தது. மூக்கில் கறுத்த ரத்தம் வந்தது. கறிக்கு ஆகுமா என்று கேட்டவர்களும் உண்டு. புதைத்துவிட்டோம். செய்தது சரியா?
– ஆடு வளர்ப்பவர், ஒரத்தநாடு

மிகச் சரி. அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். ஆசனவாயிலும் மூக்கிலும் உறையாத கறுத்த ரத்தம், விறைக்காத உடல், முன்நாள் வரை நன்றாக மேய்ந்த விலங்கு. இப்படிச் செத்ததை அறுக்கவே கூடாது. காற்றுப் பட்டதும் கிருமி விதை போல் உறைகட்டி மண்ணில் பல்லாண்டு கிடக்கும். தோலுரிப்பவருக்கும் கறி தின்பவருக்கும் தொற்றும். எரிக்க முடிந்தால் எரிப்பது மேல். புதைப்பதானால் 6 அடி ஆழம். டெல்டாவில் தோண்டினால் தண்ணீர் ஊறும் என்பதால் வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் தள்ளி மேட்டு நிலமாகப் பார்க்க வேண்டும். ரத்தம் சிந்திய மேல்மண்ணையும் சேர்த்துப் போடுங்கள். கால்நடை மருந்தகத்துக்குச் சொன்னால் சுற்றுவட்டாரத்துக்குத் தடுப்பூசி போடுவார்கள். இன்னும் சொல்லாவிட்டால் இன்றே சொல்லுங்கள்.

கப்பலை நாற்பது நாள் தள்ளி நிறுத்தும் வழக்கம் அப்போது வந்ததுதானா?
– வாசகர், வேதாரண்யம்

ஆம். முதலில் முப்பது நாள்தான். 1377-இல் இன்றைய குரோஷியாவிலுள்ள ரகூசா துறைமுகம் போட்ட ஆணை. பிறகு நாற்பதாயிற்று. வெனிஸ் நகரம் 1423-இல் நோயாளிகளுக்கென்று தனித் தீவில் இல்லம் அமைத்தது. ஆட்களை இறங்கவிடாமல் நிறுத்தினார்கள். கப்பல் கயிற்றில் இறங்கிய எலியை யாரும் எண்ணவில்லை.

கிட்டி வைத்து வயல் எலி பிடிக்கிறோம். சிலர் சமைத்துச் சாப்பிடவும் செய்கிறார்கள். இந்த நோய்களை எல்லாம் படித்த பிறகு பயமாக இருக்கிறது. விட்டுவிடலாமா?
– விவசாயி, நீடாமங்கலம்

விட வேண்டாம். தஞ்சாவூர்க் கிட்டி என்று ஊர்ப் பேராலேயே வழங்கும் இந்த மூங்கில் வில் பொறி, நஞ்சில்லாமல் எலியைக் குறைக்கும் நல்ல கருவி. ஆந்தைக்கும் பாம்புக்கும் மயிலுக்கும் தீங்கில்லை. நடவு முடிந்து பயிர் தூர் கட்டும்போதே வைத்தால்தான் பலன். பொதி கட்டிய பிறகு வைத்தால் எலி ஏற்கெனவே குட்டி போட்டிருக்கும். ஒருவர் வயலில் மட்டும் வைப்பதும் வீண், பக்கத்து வரப்பிலிருந்து இரண்டு நாளில் குடியேறிவிடும். வாய்க்கால் பாசனம் போல இதையும் ஊராகச் சேர்ந்து செய்ய வேண்டும். வரப்பை அகலம் குறைத்து வெட்டி வைத்தால் வளை தோண்ட இடம் குறையும்.

சாப்பிடுவதில் ஆபத்து வெந்த கறியில் இல்லை. நன்றாக வெந்தால் இந்தக் கிருமிகள் சாகும். ஆபத்து அதற்கு முன்னால் இருக்கிறது. காலையில் கிட்டியிலிருந்து எடுக்கும்போதும், மயிர் பொசுக்கி வயிறு கீறும்போதும் சிறுநீரும் ரத்தமும் கையில் படும். கையில் வெட்டுக்காயம் இருப்பவர் அன்று அந்த வேலையைச் செய்யக்கூடாது. கையுறை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையையாவது கையில் மாட்டிக்கொள்ளுங்கள். எலி கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கிட்டியில் மாட்டிய எலி மட்டும்தான் சமையலுக்கு. வரப்பில் தானாகச் செத்துக் கிடந்ததையும், மருந்து வைத்த வயலில் பிடித்ததையும் எவ்வளவு கொழுத்திருந்தாலும் தொட வேண்டாம்.